பத்து லிட்டர் வெந்நீரும் ஐந்து பேரும்

திருச்சியில் வெயில் நெருப்பாகக் கொட்டும் மே மாதத்தில் குன்னூருக்கு மாற்றல் வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? வங்கியில் வேலை பார்க்கும் அந்தக் குடும்பத் தலைவருக்கு ஆர்டர் கைக்கு வந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். "கொடுத்து வச்சவங்கப்பா! ஃபேன்கூட வேண்டாம்" என்றார்கள். வீடு பார்க்கப் போனபோதும் மே மாதம்தான். ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு. சிம்ஸ் பார்க் பழக் கண்காட்சிக்கு வந்த கூட்டம் ஊரெல்லாம் நிரம்பியிருந்தது. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், பள்ளிக்கூடப் பேருந்து எங்கே நிற்கும் என்றெல்லாம் கேட்டார்கள். குளியலறைச் சுவரில் வெள்ளையாக ஒரு கீசர் தொங்கியது. அதன் கொள்ளளவு என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. மே மாதத்தில் யாருக்கும் தோன்றாது.

மலை ஊர் வீடுகளுக்கு ஒரு தனி அமைப்பு உண்டு. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு மாடிதான் தெரியும். பின்பக்கம் இறங்கிப் போய்ப் பார்த்தால் கீழே இன்னொரு வீடு இருக்கும். சாலை மட்டத்தில் ஓனர், சரிவுக்குள் வாடகைக்காரர். கீழ் வீட்டுக்கு வாடகை குறைவு, வெயிலும் குறைவு. ஒரு பக்கச் சுவர் மண்ணோடு ஒட்டியிருப்பதால் ஈரம் எப்போதும் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் போட்ட துணி மூன்று நாளைக்குக் காயாது. மார்கழி பிறந்ததும் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் கை வைத்தால் விரல் எலும்புவரை வலிக்கும்.

கீசர் பத்து லிட்டர். குளிப்பவர்கள் ஐந்து பேர். எழுபத்தொரு வயது மாமியார், கணவன், மனைவி, பத்தாம் வகுப்பு படிக்கும் பெண், ஏழாம் வகுப்பு படிக்கும் பையன்.

பத்து லிட்டர் கீசர் என்றால் பத்து லிட்டர் குளியல் என்று அர்த்தமில்லை. விளாவிக் குளிப்பதால்தான் அது ஒரு வாளியாகிறது. கீசர் 60 டிகிரி வரை சுடவைக்கிறது, உடம்புக்கு இதமாக 40 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், திருச்சியில் 28 டிகிரித் தண்ணீரோடு விளாவும்போது அதே பத்து லிட்டர் ஏறக்குறைய 27 லிட்டர் ஆகும். ஒன்றரை வாளி. குன்னூர் மார்கழியில் 14 டிகிரித் தண்ணீரோடு விளாவினால் 18 லிட்டர்கூட முழுதாகத் தேறாது. ஒரே ஒரு வாளி. கீசரைச் சின்னது என்று திட்டிப் பயனில்லை. அதே கீசர் சமவெளியில் தாராளமாக இருந்திருக்கும். பச்சைத் தண்ணீர் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு வெந்நீரை அது விழுங்கிவிடுகிறது.

அடுத்த சிக்கல் நேரம். இரண்டு கிலோவாட் கீசர் பத்து லிட்டரைச் சுடவைக்கக் கணக்குப்படி 16 நிமிடம் போதும். அது 230 வோல்ட் இருந்தால். விடியற்காலையில் தெரு முழுக்க கீசர் ஓடும்போது வோல்டேஜ் 190-க்கு இறங்கிவிடும். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சூடும் ஆறில் ஒரு பங்குதானே குறையும் என்று தோன்றும். அப்படியில்லை, மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 16 நிமிடம் 24 ஆகிவிடும். ஆக, ஒருவர் வெளியே வந்து அடுத்தவர் உள்ளே போக அரை மணி நேரம். பெண்ணுக்கும் பையனுக்கும் பேருந்து ஏழே முக்காலுக்கு.

அந்த வீட்டில் டிசம்பர் முதல் வாரத்தில் நடந்த சண்டைகளை எல்லாம் எழுதினால் தொடர்கதையாகிவிடும். யார் ஷவரைத் திறந்தது, யார் வாளி நிரம்பிய பிறகும் குழாயை மூடாமல் விட்டது, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பவளுக்கு இரண்டு வாளி எதற்கு, முடியை வெட்டிக்கொண்டால் என்ன. கடைசிக் கேள்வியைக் கேட்ட பையனுக்கு முதுகில் ஒன்று விழுந்தது.

மனைவி முதலில் சமையலறை வழியைப் பிடித்துப் பார்த்தாள். பெரிய அலுமினியக் குண்டானில் தண்ணீரை கேஸில் வைத்து, கொதித்ததும் துணி பிடித்துத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு நடப்பது. (குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்காக அது மேலே பட்டால் சுடாமல் இருக்காது.) சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு படி. ஒரு நாள் அந்தப் படியில் கால் வழுக்கி, குண்டானை அப்படியே கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நல்லவேளையாகத் தண்ணீர் கொட்டவில்லை. அதோடு, 45 நாள் வந்துகொண்டிருந்த சிலிண்டர் 28 நாளில் தீர்ந்தது. அந்த வழி அத்துடன் நின்றது.

பிறகு ஹீட்டர் ராடு. மவுண்ட் ரோடு கடையில் வாங்கி வந்து சொருகிய அன்றே மேல் வீட்டில் கரண்ட் போய், ஓனர் இறங்கி வந்துவிட்டார். கோபமாகத்தான் வந்தார். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சர்வீஸ். பழைய வயரிங். கீசருக்குப் போட்ட 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றுதான் கீழே தாங்கும். முன்பு குடியிருந்தவர்கள் ராடு போட்டு, சுவிட்ச் போர்டு கருகி உருகிய தடத்தை அவரே விரல் வைத்துக் காட்டினார். "யூனிட் ஏறினா மேல் ஸ்லாப்ல கட்டணும். அதைக்கூட பேசித் தீத்துக்கலாம். தீப்பிடிச்சா என்ன பண்றது சொல்லுங்க" என்றார். 100 யூனிட் இலவசம் என்பதும் சர்வீஸ் ஒன்றுக்குத்தான், குடும்பம் ஒன்றுக்கு இல்லை என்பது ஒரே மீட்டரில் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வருத்தம்.

ராடைப் பற்றி அவர் சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கிற பழக்கத்தால் போன உயிர்கள் பல. சுவிட்சை அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கிய பிறகுதான் வாளிப் பக்கமே போக வேண்டும். இரும்பு வாளியில் ராடு போடவே கூடாது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போகக் கூடாது.

கணவனின் சக ஊழியர் ஒருவர் கேஸ் கீசர் யோசனை சொன்னார். வோல்டேஜ் பிரச்னையே கிடையாது, நிமிடத்தில் வெந்நீர். ப்ளம்பர் வந்து குளியலறையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இருப்பது ஒரு சின்ன ஜன்னல், அதையும் குளிருக்காகச் சாத்தி வைத்திருக்கிறார்கள். மூடிய அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. குளிப்பவருக்கு மயக்கம் வருவதே தெரியாது. வெளிச்சுவரில், காற்றோட்டமான இடத்தில் மாட்டினால் சரி, அதற்குச் சுவரை உடைக்க வேண்டும். வாடகை வீட்டில் யார் சுவர், யார் காசு? "நான் மாட்ட மாட்டேங்க. வேற ஆளப் பாருங்க" என்று அவர் கிளம்பிவிட்டார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போன அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு நேர அட்டவணை வந்தது. பையன்தான் நோட்டுத் தாளில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினான். ஐந்தேகாலுக்கு கீசர் ஆன். ஐந்தே முக்காலுக்கு அப்பாயி. பிறகு அக்கா, பிறகு அவன், பிறகு அப்பா. அம்மாவின் பெயருக்கு நேரே நேரம் எழுதவில்லை, 'கடைசி' என்று மட்டும் இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, அவள் உட்பட.

முதல் முறை அப்பாயிக்கு என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. குளிக்காமல் அடுப்படிக்குள் கால் வைக்காதவர். சாமி விளக்கேற்றாமல் காபிகூடக் குடிக்க மாட்டார். ரத்த அழுத்தத்துக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். குன்னூர் வந்த பிறகு பக்தி அதிகமாகிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். குளிக்கும்போது கந்த சஷ்டி கவசம் சொல்வது பழக்கம்தான் என்றாலும், திருச்சியில் முணுமுணுப்பாக இருந்தது இங்கே நடுக்கூடம்வரை கணீரென்று கேட்டது. "மலையேறி வந்ததும் முருகன் கூப்பிட்டுட்டான்" என்று மகன் சிரித்தான்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். விடிகாலைக் குளிர் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் நின்ற நாட்கள். பையன் தோசையை மென்றுகொண்டே சொன்னான்: "அம்மா, ஒண்ணு கவனிச்சியா? அப்பாயி குளிச்சா மட்டும் கீசர் லைட்டு உடனே அணைஞ்சிடுது. அக்கா குளிச்சா அரை மணி நேரம் எரியுது. அது எப்படிம்மா?"

கீசரின் சிவப்பு விளக்கு, உள்ளே தண்ணீர் சுட்டுக்கொண்டிருக்கும்வரை எரியும். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் அதை அணைத்துவிடும். ஒருவர் வெந்நீரை எடுத்த பிறகு விளக்கு உடனே அணைகிறது என்றால், அவர் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

தோசைக் கரண்டியோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கதவுக்கு வெளியே காத்திருந்தாள். கவசம் சத்தமாகக் கேட்டது. மொண்டு ஊற்றும் சத்தமும் கேட்டது. ஒவ்வொரு சொம்புக்கும் குரல் ஒருமுறை நடுங்கி, பிறகு இன்னும் உரக்க எழுந்தது. வெளியே வந்தவரின் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஐஸ் கட்டி.

"அத்தை, பச்சைத் தண்ணியிலயா குளிக்கிறீங்க?"

"ஆமா, அதுக்கென்ன இப்போ. காவேரியில மார்கழி மாசம் விடிய முங்கி எழுந்திரிச்ச உடம்பு இது."

"எத்தனை நாளா?"

"பாப்பாவுக்குப் பரீட்சை வருது. அது தலை நனைக்க ரெண்டு வாளி வேணும். விடு."

கணக்குப் போட்டால் ஒன்றரை மாதம். அம்மா மண்டபப் படித்துறையில் மார்கழியில் முங்குவது வேறு. காற்றுதான் குளிரும், ஆற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். குன்னூர்த் தண்ணீர் அப்படிப்பட்டதல்ல. திடீரென்று குளிர்ந்த நீர் மேலே பட்டால் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் எழுபத்தொரு வயதுக்காரர் விடியற்காலையில், தாழ்ப்பாள் போட்ட அறைக்குள், 14 டிகிரித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வது துணிச்சல் என்று சொல்லக்கூடிய விஷயம் அல்ல. உள்ளே விழுந்திருந்தால் கவசம் நின்றதுகூட யாருக்கும் உறைத்திருக்காது, முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மகன் கத்தினான். தாய் பதிலுக்குக் கத்தினார். பேத்தி அழுதுகொண்டே, இனிமேல் தலைக்கே குளிக்க மாட்டேன் என்றாள். அன்று எல்லோரும் பேருந்தைத் தவறவிட்டார்கள்.

சாயந்திரம் அவள் கணவனிடம் நேராகச் சொன்னாள், "நீங்க இனிமே ராத்திரி குளிங்க." ஒன்பது மணிக்குமேல் வோல்டேஜும் நன்றாக இருக்கும். அவருக்கு மனசே இல்லை. காலையில் குளிக்காமல் வங்கிக்கு எப்படிப் போவது என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாளிலிருந்து, ராத்திரி குளித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் நன்றாக வருகிறது என்று அலுவலகம் முழுக்கத் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்கள் விட்டுக்கொடுத்தால் அப்படித்தான், ஊருக்குத் தெரிந்துவிடும்.

பெண் தலைக்குக் குளிப்பது ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் போனது. ஷவரின் குமிழைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். நிமிடத்துக்கு எட்டுப் பத்து லிட்டர் கொட்டுகிற ஷவருக்கும் பத்து லிட்டர் கீசருக்கும் ஒத்துப்போகாது. எல்லாவற்றையும் செய்தும், காலையில் மூன்று வாளி வேண்டியிருந்தது. மாமியாரோ "எனக்கு வேண்டாம்" என்ற இடத்திலிருந்து அசையவில்லை. பதினோரு மணிக்கு வெயில் வந்ததும் குளியுங்கள் என்றால், "அதுவரைக்கும் சாமிக்கு விளக்கேத்தாம இருக்கவா?" என்று கேட்டார். அதற்கு மேல் பேச இடமில்லை.

வழி மேல் வீட்டிலிருந்து வந்தது. ஓனரின் மனைவி கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். துணி காயப்போட இறங்கி வந்தவரிடம் பேச்சுவாக்கில் இவள் சொல்ல, அவர் பதறிவிட்டார். "அடக் கடவுளே! ஏங் கண்ணு, முன்னாடியே சொல்லலாமுல்ல? எங்க மாமியார் வச்சிருந்த பாய்லரு ஷெட்டுல சும்மாதான கெடக்குது" என்றார்.

செம்புப் பாய்லர். பச்சை பூத்து, ஒட்டடை படிந்து, உள்ளே ஒரு பல்லி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மாமியார் புளியும் உப்பும் போட்டு அரை நாள் தேய்த்தார். நடுவில் தீக்குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், கீழே சாம்பல் விழும் தட்டு. அதன் அழகே அந்தப் புனல்தான். அதில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடிக்குப் போகும், மேலே இருக்கும் வெந்நீர் ஒரு சொம்பு மூக்கு வழியாக வழியும். கீசருக்குள் நடப்பதும் இதுவேதான், குளிர்ந்த நீர் கீழே நுழைந்து சுடுநீரை மேலே தள்ளுகிறது. பார்த்துவிட்டுப் பையன், "கரண்ட் இல்லாத கீசர்!" என்றான். ஒரே ஒரு எச்சரிக்கை. தண்ணீர் இல்லாமல் அடியில் தீ வைத்தால் ஈயப் பற்று உருகி ஒழுக ஆரம்பித்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட இடத்தில் பாய்லரை வைத்தார்கள். திறந்த வெளி என்பதால் புகை தங்காது. கரி அடுப்பையோ கணப்பையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது என்பது மலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், சுற்றுலா வருகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை. எரிக்க, தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிய மிலாறு கட்டுக்கட்டாகக் கிடைத்தது. இருபது லிட்டர் பிடிக்கும் பாய்லர். 80 டிகிரிக்குக் காய்ந்தால் விளாவிய பிறகு இரண்டே முக்கால் வாளி தாராளமாக வரும். அதற்குள் கீசர் ஒரு வாளி தந்துவிடும்.

மாமியார் கையில் அதிகாரம் வந்துவிட்டது. ஐந்து மணிக்கு ஸ்வெட்டர், மஃப்ளர், கம்பளி சகிதம் பின்வாசலில் உட்கார்ந்து மிலாறை ஒடித்துப் போட்டுத் தீயை ஊதுவார். முகத்தில் தணல் வெளிச்சம். முதல் வாளியில் அவரே குளிக்க வேண்டும் என்பது மருமகள் போட்ட நிபந்தனை. அதை அவள் கதவுக்கு வெளியே நின்று சரிபார்த்தாள், சில நாள் உள்ளே கைவிட்டு வாளியைத் தொட்டும் பார்த்தாள். கவசம் மறுபடி முணுமுணுப்பாகிவிட்டது.

எல்லாம் சுகம் என்று சொல்ல முடியாது. யூனிஃபார்மில் புகை வாசனை அடிக்கிறது என்று பெண் புகார் செய்தாள். பையன் தீ மூட்டும் சாக்கில் வீட்டுப்பாட நோட்டின் பழைய பக்கங்களைக் கொளுத்தினான், புதிய பக்கம் ஒன்றையும் சேர்த்து. மழைத் தூறலில் மிலாறு நனைந்த நாட்களில் பாய்லர் புகைந்ததே தவிரக் காயவில்லை. அன்று எல்லோரும் அரை வாளி. மாமியாருக்கும் பேத்திக்கும் தகராறு இன்னும் உண்டு. "ஒரு சொம்பு ஊத்தாம ஒரு சொம்பு எடுத்தா எப்படிடி வரும்?"

பிப்ரவரியில் ஒரு நாள், எல்லோரும் கிளம்பிய பிறகு கதவு மூலையில் ஒரு வாளி தாம்பாளத்தால் மூடியிருப்பதை அவள் பார்த்தாள். மேலே ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது, சூடு போகாமல் இருக்க. "இது யாருக்கு அத்தை?" என்று கேட்டாள். மாமியார் சாம்பலை அள்ளிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "நீ மட்டும் மார்கழியிலேருந்து எதுல குளிச்சியாம்? எனக்குத் தெரியாதா?" என்றார்.

அட்டவணைத் தாளில் இப்போது 'கடைசி' என்ற சொல்லை அடித்துவிட்டு நேரம் எழுதியிருக்கிறது. 8.15. பேனாவின் மையைப் பார்த்தால் எழுதியது பையன் இல்லை என்று தெரிகிறது.

பதினோரு மாத ஒப்பந்தம் ஏப்ரலில் முடிந்தது. ஓனர் வாடகையில் ஐநூறு ஏற்றினார். கணவன் பேரம் பேச ஆரம்பித்தபோது மனைவி குறுக்கே வந்து, ஐநூறு தருகிறோம், ஐப்பசி மழைக்கு முன்னால் பின்பக்கத் தகரத்தை இன்னும் ஆறடி நீட்டித் தர வேண்டும் என்றாள். மிலாறுக் கட்டு நனையாமல் அடுக்க இடம் வேண்டும். ஓனர் யோசித்துவிட்டு, நாலடி என்றார். ஐந்தில் முடிந்தது.